பரவல்மைய இணையச் சேவைகள் குறித்த மாணவர் ஆய்வுத் திட்டங்கள்: தமிழ் இணைய வரலாறு காட்டும் நெறி

முன்னுரை

மலேசியப் பல்கலைக்கழகங்களில் கணினியியல் பயிலும் மாணவர்கள் தம் இறுதியாண்டில் ஓர் ஆய்வுத் திட்டத்தைச் செய்து ஒப்படைத்தல் மரபாகும். அண்மைக் காலமாக அத்திட்டங்களுள் ஒரு பகுதி, ஒரு நிறுவனத்தின் ஒரே வழங்கியை நம்பியிராத இணையச் சேவைகளைப் பற்றியதாக அமைகிறது. கோப்புகளைப் பலருடைய கணினிகளில் பகிர்ந்து வைக்கும் சேமிப்பகம், தனித்தனி வழங்கிகள் ஒன்றோடொன்று உறவாடும் சமூக வலைத்தளம், நடுவர் இன்றி இயங்கும் பதிவேடு முதலியன அவற்றுள் அடங்கும். இத்திட்டங்களை நெறிப்படுத்துவோர் பெரும்பாலும் கணினித் துறையினரே ஆவர். தமிழ்த் துறையினருக்கும் இவற்றுக்கும் தொடர்பு இல்லை என்றே இருசாராரும் பொதுவாகக் கருதி வந்துள்ளனர்.

அக்கருத்து மறு ஆய்வுக்குரியது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. தமிழ் இணையத்தின் முதற்காலம் நடுவம் இன்றியே வளர்ந்தது. அதனை வளர்த்தவர்களுள் மலேசியத் தமிழர் முன்வரிசையில் நின்றனர். அக்காலத்தில் உருவானவற்றுள் சில இன்றும் நம் கையில் உள்ளன. சில மீட்க இயலாதவாறு மறைந்தன. எது எஞ்சியது, எது மறைந்தது, அதற்குக் காரணம் யாது என்னும் வினாக்களுக்கு விடை காண்போமாயின், மாணவர் திட்டங்களை நெறிப்படுத்தும் முறைக்கும் அவ்விடையே வழிகாட்டியாக அமையும். இந்நோக்கிலேயே கீழ்வரும் செய்திகள் தொகுத்து ஆராயப்படுகின்றன.

1. சொல்லும் பொருளும்

‘பரவலாக்கம்’ என்னும் சொல்லைத் தமிழில் நாம் சற்றுத் தாராளமாகவே வழங்கி வருகிறோம். ஆயின் துறைசார் நூல்களில் இதற்கு நுட்பமான வேறுபாடுகள் உள்ளன. அமெரிக்க ஆய்வாளர் பால் பாரன் 1964ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுகளில் செய்தித்தொடர்பு வலைகளை மூவகையாகப் பிரித்தார். அனைத்து இழைகளும் ஒரே முடிச்சில் சென்று சேர்வது முதல் வகை. சில நடுவங்கள் இருந்து, அவற்றைச் சுற்றிச் சிறு முடிச்சுகள் அமைவது இரண்டாம் வகை. மீன்வலைபோல் ஒவ்வொரு முடிச்சும் அண்டையிலுள்ள முடிச்சுகளோடு பிணைந்திருப்பது மூன்றாம் வகை. இவற்றை முறையே நடுவமுறை, பரவல்மைய முறை, பகிர்வலை முறை என நாம் இக்கட்டுரையில் குறிப்பிடுகிறோம்.

ஒரு நிறுவனத்தின் சமூக வலைத்தளம் நடுவமுறையைச் சார்ந்தது. மின்னஞ்சல் பரவல்மைய முறைக்கு நல்ல எடுத்துக்காட்டு. எவரும் ஒரு வழங்கியை நிறுவி, உலகின் பிற வழங்கிகளோடு மடல் பரிமாறிக்கொள்ளலாம். 2016இல் தொடங்கப்பட்ட மாஸ்டடான் என்னும் சமூக வலையும் இவ்வகையினதே. 2001இல் வந்த பிட்டோரண்ட் பகிர்வலைக்கு அருகில் நிற்கிறது.

இப்பாகுபாடு ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. 1999இல் தோன்றிய நாப்ஸ்டர் சேவையில் இசைக்கோப்புகள் பயனர்களின் கணினிகளிலேயே இருந்தன. ஆயினும் எக்கோப்பு எவரிடம் உள்ளது என்று கூறும் அட்டவணை ஓரிடத்தில் இருந்தது. 2001இல் நீதிமன்ற ஆணைக்குப் பின் அச்சேவை மூடப்பட்டபோது, கோப்புகள் எங்கும் பரவியிருந்தும் அவற்றை அடையும் வழி அற்றுப்போனது. ஆகவே ஒரு சேவை பரவலானதா என்று பொதுப்பட வினவுதல் போதாது. பெயரிடல், சேமிப்பு, அடையாளம், தேடல், நிதி ஆகியவற்றுள் எது பரவியுள்ளது, எது ஓரிடத்தில் குவிந்துள்ளது என்று பகுத்து வினவுதல் வேண்டும். மாணவர் தம் திட்ட முன்வரைவை அளிக்கும் நாளிலேயே இவ்வினாவை எதிர்கொள்ளச் செய்தல் நெறியாளரின் முதற்பணியாகும்.

2. மாணவர் திட்டங்களாகப் பிறந்த சேவைகள்

இத்துறையின் வரலாற்றைப் புரட்டினால், குறிப்பிடத்தக்க பல சேவைகள் பல்கலைக்கழக மாணவரிடமிருந்தே தோன்றியமை புலப்படும். யூஸ்நெட் என்னும் செய்திக்குழு வலையை 1979இல் எண்ணித் திட்டமிட்டவர்கள் டியூக் பல்கலைக்கழகப் பட்டமேற்படிப்பு மாணவர்களான டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் ஆகியோர். அண்டையிலுள்ள வட கரோலைனாப் பல்கலைக்கழக மாணவர் ஸ்டீவ் பெல்லோவின் அவர்களோடு இணைந்தார். தொலைபேசி வழியே ஒரு கணினி மற்றொன்றை அழைத்து, புதிய மடல்களைக் கொடுத்தும் பெற்றும் கொள்ளும். ஒவ்வொரு கணினியிலும் ஒரு படி நிற்கும். தலைமைக் கணினி என ஒன்றும் இல்லை.

எடின்பரோ பல்கலைக்கழகத்தில் இயன் கிளார்க் என்னும் மாணவர் 1999இல் தம் இறுதியாண்டுத் திட்டமாக, நடுவம் அற்ற தகவல் சேமிப்பு முறை ஒன்றை வடிவமைத்தார். அதற்கு அவர் பெற்ற மதிப்பு ‘பி’ மட்டுமே. அதுவே மறு ஆண்டில் ஃபிரீநெட் என்னும் மென்பொருளாக வெளிவந்து, பின்னர்ப் பல ஆய்வுகளில் மேற்கோள் காட்டப்பட்டது. மதிப்பீட்டுப் படிவத்தின் கட்டங்களுக்குள் ஒரு திட்டத்தின் முழுப் பயனும் அடங்கிவிடாது என்பதற்கு இது சான்றாகும்.

2001ஆம் ஆண்டு இவ்வகையில் சிறப்புடையது. ஒரு சொல்லை எண்ணாக மாற்றி, அவ்வெண்ணுக்குரிய கணினியை நடுவர் இன்றியே கண்டறியும் முறைகள் பல அவ்வாண்டில் வெளியாயின. அவற்றுள் ஒன்றைப் பெர்க்லி கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் அப்போது முனைவர் பட்ட மாணவராயிருந்த சில்வியா ரத்னசாமி உடனாய்வாளர்களோடு வடிவமைத்தார். ‘கோர்ட்’ எனப்பட்ட மற்றொரு முறையை வகுத்த மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகக் குழுவில் ஹரி பாலகிருஷ்ணன் இடம்பெற்றார்; அவர் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1993இல் இளநிலைப் பட்டம் பெற்றவர். அம்முறையில் 10 இலட்சம் கணினிகள் ஒரு வளையத்தில் நின்றாலும், தேடும் பொருளை ஏறத்தாழ 20 தாவல்களுக்குள் அடையலாம். ஒவ்வொரு கணினியும் ஏனைய அனைத்தையும் அறிந்திருக்க வேண்டுவதில்லை.

2010இல் நியூயார்க் பல்கலைக்கழக மாணவர் நால்வர் ‘டயஸ்போரா’ என்னும் பரவல்மையச் சமூக வலையைத் தொடங்கினர். பொதுமக்களிடமிருந்து ஏறத்தாழ 2 இலட்சம் அமெரிக்க டாலர் நன்கொடை திரண்டது. 2012இல் அவர்கள் அதனைத் தன்னார்வலர் குழுவிடம் ஒப்படைத்தனர். தொடங்கியவர் விலகிய பின்னரும் ஒரு சேவை வாழ வேண்டுமாயின் ஒப்படைப்பு முறை தேவை என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

3. தமிழ் இணையத்தின் முதற்காலமும் மலேசியத் தமிழரும்

மலேசியாவில் கணினி வலை 1987இல் ‘ரங்கோம்’ என்னும் பெயரில் தொடங்கிற்று. மைமோஸ் நிறுவனம் நடத்திய அவ்வலை, பல்கலைக்கழகங்களைத் தொலைபேசி இணைப்பால் பிணைத்தது. ஆஸ்திரேலியா, அமெரிக்கா, நெதர்லாந்து, தென்கொரியா ஆகிய நாடுகளின் கணினிகளோடு மடல்களைப் பரிமாறிற்று. மேலே கண்ட யூஸ்நெட் போன்றே, மடலைத் தேக்கிவைத்து அடுத்த கணினிக்குச் செலுத்தும் முறையில் அது இயங்கிற்று. 1992இல் ஜாரிங் என்னும் பெயரில் முழுமையான இணைய இணைப்பு ஏற்பட்டது. அந்நாளில் நாட்டிற்கும் அமெரிக்காவிற்கும் இடையே இருந்த இணைப்பின் வேகம் நொடிக்கு 64 கிலோபிட் மட்டுமே.

இச்சூழலிலேயே தமிழ் இணையம் முளைத்தது. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியும் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ குழுவினரும் இணைந்து, 1995ஆம் ஆண்டு அக்டோபரில் நான்மொழிக் கவிதைத் தளத்தில் தமிழை இணையத்தில் ஏற்றினர். கோலாலம்பூரில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் வழியே பல நாட்டுத் தமிழர் ஒருவருக்கொருவர் தமிழில் மடல் எழுதினர். மலேசியாவில் பிறந்து ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த பாலா பிள்ளை ‘தமிழ்.நெட்’ என்னும் மடற்குழுவை நடத்தினார். 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நிகழ்ந்தது. 2013ஆம் ஆண்டு மாநாடு மலாயாப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது.

இக்காலத்தின் பெருஞ்சிக்கல் எழுத்துக் குறியேற்றம் ஆகும். ஒருவர் ஓர் எழுத்துருவில் தட்டிய மடல் மற்றவர் கணினியில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றிற்று. இதனைத் தீர்க்க எந்த அரசும் ஆணையிடவில்லை. மலேசியா, சிங்கப்பூர், இந்தியா, சுவிட்சர்லாந்து, வட அமெரிக்கா முதலிய இடங்களில் இருந்த தமிழர் மின்னஞ்சல் வழியே விவாதித்துத் ‘திஸ்கி’ என்னும் பொதுக் குறியேற்றத்தை வகுத்தனர். அது 2007இல் பன்னாட்டு இணையப் பெயர்ப் பதிவகத்திலும் இடம்பெற்றது. தமிழக அரசு 1999ஆம் ஆண்டுச் சென்னை மாநாட்டின் வழியே வேறு குறியேற்றங்களை ஏற்றது. பின்னர் ஒருங்குறி இவ்வேறுபாடுகளைக் கடந்து நிலைபெற்றது. ஆக, தனித்தனி முடிச்சுகள் தம்முள் உறவாட வேண்டுமாயின் பொதுவான உடன்பாடு ஒன்று தேவை என்னும் உண்மையைத் தமிழர் பட்டறிந்தனர் எனலாம்.

1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் மதுரைத் திட்டம் தொடங்கிற்று. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் பணியாற்றிய கு. கல்யாணசுந்தரம் அதற்குத் தலைமை ஏற்றார். ஊதியமோ அலுவலகமோ இன்றிப் பல நாட்டுத் தன்னார்வலர் தட்டச்சு செய்தனர். வேறு சிலர் மெய்ப்புப் பார்த்தனர். முதல் மின்பதிப்பு திருக்குறள். ஒவ்வொரு கோப்பின் தலைப்பகுதியிலும் ஒரு குறிப்பு இருந்தது: இம்முகப்புச் செய்தியை மாற்றாமல் எவரும் இக்கோப்பைத் தடையின்றிப் பரப்பலாம் என்பதே அதன் கருத்து. இச்சிறு குறிப்பின் வரலாற்று முதன்மையை அடுத்த பகுதியில் காண்போம்.

4. மறைந்தவையும் எஞ்சியவையும்

இணையம் தோன்றுவதற்கு முன்னரே தமிழ் நூல்கள் நடுவம் அற்ற முறையில்தான் காக்கப்பட்டன. ஓலைச்சுவடியின் வாழ்நாள் சில தலைமுறைகளே. அது சிதையும் முன் படியெடுத்தால் நூல் பிழைக்கும். மடங்களிலும் புலவர் இல்லங்களிலும் சிதறிக் கிடந்த படிகளைத் தேடி ஒப்புநோக்கியே உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1892இல் சிலப்பதிகாரத்தையும் 1894இல் புறநானூற்றையும் அச்சேற்றினார். படிகள் பலவாயிருந்தமை நூலைக் காத்தது. அதற்கு நாம் கொடுத்த விலை பாடபேதம்.

மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. அந்தாம் தெ புரொவென்சா தொகுத்து 1679இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சிடப்பட்ட தமிழ்-போர்த்துக்கீசிய அகராதி தமிழ் வழங்கும் நாடுகளில் கிடைக்காமற்போயிற்று. வத்திக்கான் நூலகத்தில் ஒரு படி எஞ்சியிருந்தது. தனிநாயகம் அடிகளார் அதனைப் பதிப்பித்து, 1966இல் கோலாலம்பூரிலிருந்து வெளிவரச் செய்தார். முதலாம் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் கூடியதும் அவ்வாண்டே. தொலைவில் இருந்த ஒற்றைப் படி, இங்கிருந்து பல படிகளாயிற்று.

இதற்கு மறுதலையான நிகழ்வு 1981இல் யாழ்ப்பாணத்தில் நேர்ந்தது. யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் வேறெங்கும் படி இல்லாத ஏடுகளும் அடங்கும். ஈழத்து எழுத்துகளை மின்வடிவில் காக்கும் நூலகம் திட்டம் 2005இல் தொடங்கியமைக்கு அவ்விழப்பின் நினைவும் ஓர் உந்துதல்.

இணையக் காலத்தின் இழப்புகள் தீயின்றி, ஓசையின்றி நிகழ்கின்றன. 1990களின் இறுதியில் தமிழர் பலர் தம் பக்கங்களை ஜியோசிட்டீஸ் என்னும் இலவசச் சேவையில் அமைத்தனர். அது 2009ஆம் ஆண்டு அக்டோபரில் மூடப்பட்டது. 2000களின் தமிழ் இலக்கிய உரையாடல் பெரும்பாலும் யாஹூ மடற்குழுக்களில் நிகழ்ந்தது. மரத்தடி, ராயர் காபி கிளப் ஆகிய குழுக்களைத் தமிழ் இணைய வாசகர் அறிவர். சுங்கை பட்டாணியில் வாழ்ந்த மருத்துவர் எஸ். ஜெயபாரதி நடத்திய அகத்தியர் குழு, மலேசியாவிலிருந்து உலகத் தமிழரை ஒன்றுசேர்த்த அரங்கமாக விளங்கிற்று. 2019ஆம் ஆண்டு டிசம்பரில் யாஹூ நிறுவனம் தன் தளத்திலிருந்த குழு மடல்களை நீக்கியது. 2020ஆம் ஆண்டு டிசம்பரில் சேவையையே நிறுத்தியது. நாட்டின் முதல் இணையச் சேவையான ஜாரிங்கும் 2015ஆம் ஆண்டு ஏப்ரலில் இயக்கத்தை நிறுத்தியது.

இங்கு நுட்பமான ஒன்றை நோக்குதல் வேண்டும். மடற்குழுவின் நடுவண் தொகுப்பு மறைந்தாலும், ஒவ்வொரு மடலும் உறுப்பினர் பலருடைய அஞ்சற்பெட்டிக்குச் சென்றிருந்தது. பழைய வன்தட்டுகளிலும் குறுந்தட்டுகளிலும் அப்படிகள் இன்றும் கிடக்கக்கூடும். ஆக, மின்னஞ்சல் என்னும் பரவல்மையச் சேவை, தன்னை ஒருங்குதிரட்டிய நிறுவனம் கைவிட்ட பின்னரும் மீட்புக்கு ஒரு வழியை விட்டுச்செல்கிறது. நிறுவனத் தளத்திலேயே எழுதப்பட்டு அங்கேயே படிக்கப்பட்ட பதிவுகளுக்கு அவ்வாய்ப்பும் இல்லை.

மதுரைத் திட்டம் இதனினும் வலுவாக நின்றது. அதன் கோப்புகள் ஒன்றுக்கு மேற்பட்ட வழங்கிகளில் வைக்கப்பட்டன. திஸ்கியிலிருந்த கோப்புகள் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. பரப்புவதற்கான இசைவு கோப்பிலேயே எழுதப்பட்டிருந்தமையால் எவரும் அச்சமின்றிப் படியெடுத்தனர். பொறுப்பேற்று நடத்தும் குழுவும் தொடர்ந்து இருந்தது. படியெடுக்கும் இசைவு, பொதுக் குறியேற்றம், பொறுப்பாளர் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த இடத்தில் தமிழ் எஞ்சியது. இவற்றுள் ஒன்று குறைந்த இடத்தில் மறைவு நேர்ந்தது அல்லது மீட்பு அரிதாயிற்று. இக்கட்டுரை வலியுறுத்த விரும்பும் முடிபு இதுவே.

5. எழுத்தும் முகவரியும்

தமிழாசிரியர் இத்திட்டங்களில் ஏன் பங்கேற்க வேண்டும் என்னும் வினாவுக்கு மிகத் தெளிவான விடையை எழுத்தே தருகிறது. பகிர்வலைகள் பலவற்றில் ஒரு கோப்பின் முகவரி அதன் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிடப்படுகிறது. 2015இல் வெளிவந்த ஐபிஎஃப்எஸ் என்னும் முறை இவ்வாறே இயங்குகிறது. உள்ளடக்கத்தில் ஒரு குறி மாறினாலும் முகவரி முற்றிலும் வேறாகிவிடும்.

ஒருங்குறியில் ‘கோவலன்’ என்னும் பெயரை இரு வகையாகச் சேமிக்க இயலும். ககர மெய்யொலியைத் தாங்கிய எழுத்துக்குப் பின் ஓகாரக் குறியை ஒரே குறியாக இடுவது ஒரு வகை. இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறிகளாக இடுவது மற்றொரு வகை. திரையில் இரண்டும் ஒன்றே. படிப்பவர் வேறுபாடு காணார். கணினிக்கோ அவை இரு வேறு சரங்கள். எனவே ஒரே சிலப்பதிகாரப் பதிப்பு இரண்டு முகவரிகளில் இரு நூல்களாய் நிற்கும். ஒன்றைத் தேடுபவர்க்கு மற்றது அகப்படாது. இச்சிக்கலுக்கு ஒருங்குறி ஒன்றியம் இயல்பாக்க விதிகளை வகுத்துள்ளது. அவற்றைச் செயற்படுத்தினால் இவ்விரண்டும் ஒன்றாகும்.

ஆயின் அவ்விதிகள் தீர்க்காத சிக்கல்களும் உள. ‘ஔ’ என்னும் உயிரெழுத்தை ஒகரமும் ளகரமும் சேர்த்துத் தட்டுவோர் உளர். காலுக்கு மாற்றாக ரகரத்தை இடும் பிழையும் பழைய மின்பதிப்புகளில் காணப்படுகிறது. இவற்றைப் பொறியியல் விதியால் மட்டும் திருத்த இயலாது, மொழியறிவு வேண்டும். அன்றியும், திஸ்கியில் கொம்பு மெய்க்கு முன்னும் ஒருங்குறியில் பின்னும் சேமிக்கப்படுவதால், மாற்றும் நிரலில் சிறு பிழை நேர்ந்தாலும் பாடம் சிதையும். சுவடிப் பதிப்பாசிரியர் பாடபேதம் நோக்கியது போன்றே, மின்பதிப்புகளின் பேதங்களை நோக்கும் பணி இன்று உருவாகியுள்ளது. கணினி மாணவரும் தமிழ் மாணவரும் இணைந்து செய்தற்கு இதனினும் பொருத்தமான திட்டம் அரிது.

6. கிள்ளான் பள்ளத்தாக்கு என்னும் ஆய்வுக்களம்

இவ்வாய்வுகளுக்குக் களம் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. அம்பாங் என்னும் ஊர்ப்பெயரை மலாய் மொழியில் அணைகட்டைக் குறிக்கும் சொல்லோடு தொடர்புபடுத்துவர். 1857இல் ஈயச் சுரங்கத் தொழிலால் வளரத் தொடங்கிய அவ்வூரை ஒட்டிப் பாயும் அம்பாங் ஆறு, கிள்ளான் ஆற்றோடு கலக்கிறது. அவ்வாறு பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தைத் தொட்டுக் கிள்ளான் நகரைக் கடந்து கடலை அடைகிறது. இம்மூன்று இடங்களிலும் தமிழர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றனர்.

இவ்வட்டாரத் தமிழர் வரலாற்றின் மூலங்கள் எவை? கோயில் குடமுழுக்கு மலர்கள், தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர்கள், சங்கங்களின் கூட்டக் குறிப்பேடுகள், மறைந்துபோன தோட்டங்களின் படங்கள், பணி ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் தொகுத்த நறுக்குகள் ஆகியன. இவற்றுள் பல ஒற்றைப் படியாகவே அலமாரிகளில் உள்ளன. மின்வடிவம் பெற்றவையும் பெரும்பாலும் ஒருவரது கைப்பேசியிலோ ஒரு நிறுவனத்தின் சமூக வலைத்தளத்திலோ தங்கியுள்ளன. 2021ஆம் ஆண்டு டிசம்பரில் ஷா ஆலம், கிள்ளான் பகுதிகளில் ஏற்பட்ட பெருவெள்ளம் வீடுகளின் கீழ்த்தளங்களை மூழ்கடித்ததை நாம் அறிவோம். நீரில் நனைந்த குறிப்பேட்டுக்கு மறுபடி இல்லையாயின், அச்சங்கத்தின் வரலாறு அன்றோடு முடிந்தது.

ஆகவே அம்பாங், பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் ஆகிய மூவிடங்களிலும் விலை குறைந்த சிறுகணினி ஒவ்வொன்றை நிறுவி, மூன்றும் ஒன்றன் தொகுப்பை மற்றொன்று காக்குமாறு ஒரு மாணவர் திட்டத்தை வகுக்கலாம். ஒரு முடிச்சு ஒரு வாரம் அணைந்திருந்தால் ஏனைய இரண்டும் எவ்வாறு ஈடுசெய்கின்றன, திரும்பி வந்தபின் படிகள் ஒத்திசைய எத்துணைக் காலம் ஆகிறது, ஒரு படி பழுதுற்றதை எது கண்டறிகிறது என்பன அளந்து காணத்தக்கவை. ஆற்றின் மேற்பகுதியில் ஒரு படியும் முகத்துவாரத்தில் ஒரு படியும் இருத்தல், ஒரே வெள்ளத்தில் இரண்டும் அழியும் வாய்ப்பைக் குறைக்கும். உலகளாவிய வலைகளை ஆய்வது சிறப்பே. ஆயினும் இரு பருவங்களுக்குள் ஒரு மாணவர் மெய்யாகக் கட்டி, அளந்து, முடிவு கூறத்தக்க அளவு இதுவே என்பது நம் கருத்து.

7. நெறியாளரின் கடமைகள்

மேற்கண்ட வரலாற்றிலிருந்து நெறியாளர்க்குரிய கடமைகள் சிலவற்றை வகுத்துக் கூறலாம்.

முதலாவது, அளவு. பரவல்மையச் சேவையின் இயல்புகள் பல ஆயிரம் முடிச்சுகள் சேரும்போதே வெளிப்படும். மாணவரிடம் மூன்றோ பத்தோ கணினிகளே இருக்கும். எனவே பாவனை ஓட்டத்தில் கண்டதையும் மெய்யான இயக்கத்தில் கண்டதையும் ஆய்வேட்டில் வேறு பிரித்து எழுதச் செய்தல் வேண்டும். பத்துக் கணினிகளில் கண்ட முடிவைப் பத்தாயிரத்துக்கும் ஏற்றிக் கூறும் ஆய்வேடு மதிப்புடையதன்று.

இரண்டாவது, அறம். பகிர்வலையில் ஒரு முடிச்சாக இணையும் கணினி, தான் அறியாத பிறர் கோப்புகளையும் தாங்கக்கூடும். பல்கலைக்கழக வலையில் அதனை இயக்குமுன் உரிய அலுவலகத்தின் எழுத்து வழி இசைவைப் பெறுதல் வேண்டும். பழைய மடற்குழு மடல்களைத் திரட்டும் ஆய்வில், எழுதியவர் அன்று ஒரு சிறு குழுவினர்க்காகவே எழுதினார் என்பதை மறத்தல் ஆகாது. மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிமாற்றங்களையே முதன்மையாகக் கருதுவது. ஆதலால் சட்டம் தடுக்கவில்லை என்பதனாலேயே ஒன்று தக்கதாகிவிடாது. பல்கலைக்கழக ஆய்வறக் குழுவின் ஒப்புதலும் எழுதியவரின் இசைவும் தேவை. பல இடங்களில் படி வைக்கப்பட்ட ஒன்றைப் பின்னர் முற்றாக நீக்குதல் கடினம் என்பதையும் இசைவு தருவோர்க்கு முன்கூட்டியே விளக்குதல் வேண்டும்.

மூன்றாவது, இணை நெறிப்படுத்தல். கணினித் துறையினர் ஒருவரும் தமிழ்த் துறையினர் ஒருவரும் சேர்ந்து நெறிப்படுத்தும் முறை இத்தகைய திட்டங்களுக்கு ஏற்றது. கணினி ஆய்வேடு மலாயிலோ ஆங்கிலத்திலோ அமையினும், அதன் சாரத்தைத் தமிழில் சில பக்கங்கள் எழுதச் செய்தல் நலம். கலைச்சொற்கள் ஆய்வுக்கூடத்திலேயே பிறந்து பழகினால்தான் பிற்காலத்தில் நூல்களில் நிலைபெறும். ‘வழங்கி’, ‘முடிச்சு’, ‘ஒருங்குறி’ போன்றவை அவ்வாறு பயன்பாட்டில் தேய்ந்து மெருகேறிய சொற்களே.

நான்காவது, திட்டத்தின் பிற்கால வாழ்வு. மாணவர் பட்டம் பெற்று வெளியேறியதும் அவர் நிறுவிய வழங்கி அணைக்கப்படுவதும், கடவுச்சொல் அறிந்தவர் எவரும் இல்லாமற்போவதும் நாம் அடிக்கடி காணும் காட்சி. நிலைபேற்றை ஆராய்ந்த திட்டமே நிலைபெறாமல் மறைதல் முரண். ஆகவே மதிப்பெண்ணில் ஒரு பங்கை ஒப்படைப்புக்கு ஒதுக்கலாம். நிரலும் தரவும் எளிய கோப்பு வடிவில் குறைந்தது மூன்று இடங்களில் வைக்கப்பட்டனவா, எவரும் படியெடுக்கலாம் என்னும் இசைவு உள்ளே எழுதப்பட்டதா, அடுத்த ஆண்டு மாணவர் ஒருவர் அக்குறிப்புகளை மட்டும் கொண்டு அதனை மீண்டும் இயக்க இயலுகிறதா என்பனவே அதற்குரிய சோதனைகள்.

பெருந்தொகுப்பகங்கள் உள்ளனவே, இவை எதற்கு என்று வினவுவோர் இருக்கலாம். சான் பிரான்சிஸ்கோவிலுள்ள இணைய ஆவணகம் 1996 முதல் அரும்பணி ஆற்றி வருகிறது. அதுவும் 2024ஆம் ஆண்டு அக்டோபரில் தாக்குதலுக்கு உள்ளாகிச் சில நாட்கள் இயங்காமல் நின்றது. பெருந்தொகுப்பகத்தில் ஒரு படி இருத்தல் நன்று. அது மட்டுமே இருத்தல் நன்றன்று.

முடிவுரை

பரவல்மைய இணையச் சேவை என்பது தமிழர்க்குப் புறத்தேயிருந்து வந்த புதுமை மட்டும் அன்று. சுவடிகளைப் படியெடுத்தவரும், மின்னஞ்சலால் குறியேற்றம் வகுத்தவரும், ஊதியமின்றி மின்பதிப்பு உருவாக்கியவரும் அந்நெறியில் முன்னரே நடந்துள்ளனர். இயந்திரங்கள் பலவாயிருத்தல் ஒன்றே ஒரு தொகுப்பைக் காத்துவிடாது. படியெடுக்கும் இசைவும், அனைவரும் ஏற்ற குறியேற்றமும், பொறுப்பேற்பாரும் கூடினால்தான் அது தலைமுறை கடந்து நிற்கும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழ் இணையத்தைத் தொடக்கத்தில் வளர்த்த தலைமுறை முதுமை எய்தி வருகிறது. அவர்தம் இல்லங்களில் உள்ள வன்தட்டுகள் ஆண்டுதோறும் பழுதாகின்றன. 1990களின் மலேசியத் தமிழ் வரலாற்றை எழுத முனைவோர்க்கு அச்சு ஏடுகளைப் போன்றே அவ்வன்தட்டுகளும் மூலங்களே. கணினித் துறைகளில் ஆண்டுதோறும் தலைப்புத் தேடும் மாணவர் உள்ளனர். தமிழ்த் துறைகளிலும் தமிழ்ப்பள்ளிகளிலும் காக்கப்பட வேண்டிய ஏடுகள் உள்ளன. இவ்விரண்டையும் ஒரே திட்ட முன்வரைவில் கொண்டுவந்து சேர்த்தல் நெறியாளராகிய நம் கையில் உள்ளது. வரும் பருவத்துக்கான தலைப்புகள் முடிவாகும் முன்னரே, அண்டைத் துறையினரோடு அமர்ந்து இதனைப் பேசத் தொடங்குதல் தகும்.